வட்டிப் பணத்தில் ஒரு நீல வானம்

இத்தாலியின் படுவா நகரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. வெளியே வெறும் செங்கல் கட்டடம். உள்ளே போனால் தலைக்கு மேல் நீல வானம், பொன் நட்சத்திரங்கள், சுவரெங்கும் மரியாள், இயேசு வரலாறு. தீட்டியவர் ஜோத்தோ. பணம் கொடுத்தவர் என்ரிக்கோ ஸ்க்ரோவென்யி. அவருடைய அப்பா ரெஜினால்தோ ஊரறிந்த வட்டிக்காரர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் உட்கார வைத்தார். பெயரைச் சொல்லவில்லை, கழுத்தில் தொங்கும் பணப்பையில் குடும்பச் சின்னமான நீலப் பன்றியை மட்டும் காட்டினார்.

வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலம் அது. அப்பாவின் பாவம் கரைய மகன் கட்டினார் என்பது வழக்கமான விளக்கம். பாவ பயம் பாதி, பெருமை பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து மடத்துத் துறவிகளும் 1305-இல் இது பக்தியல்ல, பகட்டு என்று புகார் எழுதினார்கள். இறுதித் தீர்ப்புக் காட்சியில் என்ரிக்கோ மண்டியிட்டு, ஆலயத்தின் மாதிரியை மரியாளிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் மீட்கப்பட்டோர் இருக்கும் பக்கத்தில்!

அந்தச் சுவரில் வண்ணம் 700 ஆண்டுகளாக எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? பசை எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அதில் மணல் சேர்த்துச் சுவரில் பூசி, ஈரம் காயுமுன் தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடியைத் தீட்டுகிறார்கள். காயக் காய, சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. வண்ணப்பொடி அந்தப் படிகத் தோலுக்குள் சிக்கிக்கொள்கிறது. சூளைக்குப் போன கல் சுவரில் கல்லாகத் திரும்புகிறது, படத்தோடு.

பூச்சு காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கே காலையில் பூசுவார்கள். இந்த ஒரு நாள் துண்டுக்கு இத்தாலியில் ஜொர்னாத்தா என்று பெயர். துண்டுகள் சேரும் விளிம்பு இன்றும் தெரியும்; படுவாவில் எண்ணியவர்கள் 625 என்கிறார்கள். கொத்தனார், வண்ணம் அரைப்பவர், சாரம் என்று அத்தனைக்கும் புரவலர்தான் கூலி கொடுத்தாக வேண்டும்.

நீலம்தான் இந்த ஏற்பாட்டுக்கு அடங்காத பிள்ளை. அசுரைட் என்ற செம்புத் தாது நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. காய்ந்த சுவரில் பசை சேர்த்துத்தான் தீட்ட வேண்டும். பசை தளர்ந்தால் நீலம் உதிரும். கிறிஸ்து பிறப்புக் காட்சியில் மரியாளின் மேலாடையைப் பாருங்கள்: முகம் அப்படியே இருக்கிறது, நீலம் பெரும்பாலும் கொட்டி, அடிப்பூச்சு தெரிகிறது.

இதைவிட உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் கல். அரைத்த பொடியை மெழுகும் பிசினும் கலந்த உருண்டையாக்கி, காரநீரில் பிசைந்தால் நீலம் மட்டும் வெளியே வரும். முதல் பிசைவில் வருவதே உயர்ரகம். கடல் கடந்து வந்ததால் அல்ட்ராமெரின் என்றார்கள். புரவலர்கள் இதில் ஏமாறத் தயாராக இல்லை. 1485-இல் ஃபுளோரன்ஸின் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு ஒரு படம் தீட்ட ஓவியர் கிர்லாந்தையோ எழுதிய ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃபுளோரின் (அந்த ஊர்ப் பொற்காசு) பெறும் தரத்தில் இருக்க வேண்டும் என்றே நிபந்தனை. மொத்தப் படத்துக்கும் 115 ஃபுளோரின்.

படுவாவில் இப்போது நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. மாசுக் காற்றிலுள்ள கந்தகமும் ஈரமும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் ஜிப்சமாகிப் பொடிந்துவிடும். அதனால் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக, காற்றும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். வெளித்தூசி அடங்கி, உடம்பின் ஈரம் குறைந்த பிறகே உள்கதவு திறக்கிறது. பார்க்கவும் ஏறக்குறைய அதே 15 நிமிடம்தான்.