கர்ட்டசி டைட்டில் என்பது கௌரவப் பட்டம் அல்ல

வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா ராண்டால்ஃப் சர்ச்சிலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பலரும் அவரை ‘லார்ட் என்ற கௌரவப் பட்டம் பெற்றவர்’ என்கிறார்கள். போன வாரம் படித்த ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், விக்டோரியா மகாராணி அவருக்கு அந்தப் பட்டத்தை ‘வழங்கினார்’ என்றது. யாரும் எதையும் வழங்கவில்லை. ‘கர்ட்டசி டைட்டில்’ (courtesy title) என்ற ஆங்கிலத் தொடரின் தவறான மொழிபெயர்ப்பு ஒன்று, நடக்காத ஒரு நிகழ்ச்சியையே வரலாற்றில் நுழைத்துவிட்டது.

கர்ட்டசி என்பது அரசவையைக் குறிக்கும் ‘கோர்ட்’ என்ற சொல்லோடு உறவுள்ளது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரசவையில் பழகத் தெரிந்தவரின் பண்பு என்பது முதற்பொருள். சட்டப்படி உரிமை இல்லாவிட்டாலும், குடும்பத்தின் தகுதி கருதி ஊரார் மரியாதைக்குச் சொல்லும் பெயர்தான் கர்ட்டசி டைட்டில்.

இனி ஆளைப் பார்ப்போம். ராண்டால்ஃப் 1849இல் பிறந்தவர், ஏழாம் மார்ல்பரோ டியூக்கின் மூன்றாம் மகன். டியூக் என்பது பிரிட்டிஷ் பிரபுக்களில் மிக உயர்ந்த நிலை. டியூக் உயிரோடு இருக்கும்போது மூத்த மகன் அப்பாவின் அடுத்த நிலைப் பட்டத்தைப் பெயராக வைத்துக்கொள்வார். ராண்டால்ஃபின் அண்ணன் ஜார்ஜ் அப்படித்தான் ‘பிளாண்ட்ஃபோர்ட் மார்க்விஸ்’ என்று அழைக்கப்பட்டார். இளைய மகன்களுக்கு அதுவும் இல்லை. சொந்தப் பெயருக்கு முன்னால் ‘லார்ட்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். கடை உரிமம் அப்பா பெயரில் இருந்தாலும் மகனை ‘சின்ன முதலாளி’ என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி.

அந்தக் காலத்தில் பிரபுக்கள் சபையில் இடம் உள்ளவர் மக்களவையில் உட்கார முடியாது. சட்டத்தின் கண்ணில் ராண்டால்ஃப் சாதாரணக் குடிமகன். அதனால்தான் 1874இல் குடும்பத்தின் பிளென்ஹைம் மாளிகையை ஒட்டிய உட்ஸ்டாக் தொகுதியில் நின்று மக்களவைக்குப் போக முடிந்தது. 1885இல் லண்டன் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் இந்தியா மந்திரி ஆனார். மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைத்தது அவர் காலத்தில்தான். 1886இல் நிதியமைச்சராகவும் மக்களவையில் அரசின் தரப்பை நடத்தும் அவை முன்னவராகவும் இருந்து, படைச் செலவு பற்றிய சண்டையில் அந்த டிசம்பரிலேயே விலகினார். ‘பிரபு’ ஒருவர் எப்படி மக்களவையை நடத்தினார் என்று தமிழில் படிப்பவர் குழம்பினால் தவறு அவருடையதல்ல. ராண்டால்ஃப் இந்தியா மந்திரியாக இருந்தபோது இங்கே வைஸ்ராயாக இருந்த டஃப்ரின் பிரபு உண்மையான பிரபு, பிரபுக்கள் சபை உறுப்பினர். இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

சரி, ‘கௌரவப் பட்டம்’ ஏன் கூடாது? ‘கௌரவ’ என்ற அடை தமிழில் ஏற்கெனவே அளவுக்கு மீறிய சுமை தூக்குகிறது. கௌரவ டாக்டர், கௌரவ விரிவுரையாளர், சங்கங்களின் கௌரவத் தலைவர், இலங்கையில் கௌரவ அமைச்சர் என்று ஒவ்வோர் இடத்திலும் அதற்கு ஒவ்வொரு பொருள். ஆனாலும் ‘கௌரவப் பட்டம்’ என்று சேர்த்துச் சொன்னால் தமிழ்க் காதில் விழுவது ஒன்றுதான்: ஒரு நிறுவனம் விழா எடுத்து ஒருவருக்குத் தருவது. ராண்டால்ஃபுக்கு அப்படித் தந்தவர் யார்? பதில் கிடையாது. பதில் இல்லாததால்தான் அந்தக் கட்டுரையாளர் மகாராணியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது.

தனித்தமிழ் அன்பர்கள் இதை ‘மதிப்புறு பட்டம்’ என்று மாற்றுகிறார்கள். அவர்கள் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் மதிப்புறு முனைவர் என்பது கௌரவ டாக்டரேதான். வடசொல் போனது, பிழை அப்படியே நிற்கிறது. பிழை முதற்பாதியில் மட்டும் இல்லை, ‘பட்டம்’ என்பதிலும் இருக்கிறது. பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பொற்தகடு. இன்றும் பட்டம் கட்டுகிறோம், சூட்டுகிறோம். கட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும். கர்ட்டசி டைட்டிலில் அந்தக் கை இல்லை. வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது. ‘உபசாரப் பட்டம்’ என்பதில் உபசாரம் மிகப் பொருத்தம், ‘உபசாரத்துக்குச் சொன்னேன்’ என்று நாம் பேசுவதே சான்று. ஆனால் அதுவும் பட்டத்தில் போய் முட்டுகிறது.

என் தேர்வு ‘மரியாதை அடைமொழி’. அடைமொழி என்றதும் பெயரோடு ஒட்டிவரும் சொல் என்று புரிகிறது. மரியாதை என்பது உரிமையிலிருந்து அதைப் பிரித்துவிடுகிறது. ‘மரியாதை’ வடசொல்லாயிற்றே என்பவருக்கு என் விடை: படிப்பவருக்கு உடனே விளங்கும் சொல்தான் முதலில் வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் இரண்டு சொல்லைத் தனித்தனியே தேடி ஒட்டவைப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பொருள் எப்படி வந்தது, யார் தந்தார், அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்று கேட்டால் சொல் தானே கிடைக்கும். ராண்டால்ஃபின் ‘லார்ட்’ மகனுக்குப் போகவில்லை. வின்ஸ்டன் வெறும் திருவாளர் சர்ச்சில்தான். ‘சர்’ என்பது அவருக்கு 1953இல் நைட் பட்டத்தால் வந்தது, அதுதான் வழங்கப்பட்ட பட்டம். 1895இல் தந்தை இறந்த பின், பெரியப்பா மகனான ஒன்பதாம் டியூக்குக்கு 1897இல் ஒரு மகன் பிறக்கும்வரை, டியூக் பட்டத்துக்கு அடுத்த வாரிசாக வின்ஸ்டனே இருந்தார். அப்போதும் அவர் பெயருக்கு முன்னால் லார்ட் இல்லை.

ராண்டால்ஃபின் மனைவி பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஜென்னி ஜெரோம் நியூயார்க்காரர். ஆங்கிலத்தில் அவர் ‘லேடி ராண்டால்ஃப் சர்ச்சில்’. ‘லேடி ஜென்னி’ அல்ல, ஏனென்றால் அடைமொழி கணவர் வழி வந்தது. தமிழில் ‘ஜென்னி சீமாட்டி’ என்று எழுதினால் அவரே டியூக் போன்ற பெரிய பிரபு ஒருவரின் மகள் என்றாகிவிடும்.

எனவே ‘பிரபு’ என்பதைப் பெயருக்குப் பின்னால் உண்மையான பிரபுக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: டஃப்ரின் பிரபு, ரிப்பன் பிரபு. மரியாதை அடைமொழி மட்டும் உள்ளவர்களுக்கு முன்னால் ‘லார்ட்’ என்றே விடுவோம்: லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், லார்ட் நார்த். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் பிரதமரான நார்த், 1790இல் தந்தை இறந்து, உண்மையான பிரபுப் பட்டமான கில்ஃபோர்ட் ஏர்ல் ஆன பிறகு அவரையும் கில்ஃபோர்ட் பிரபு என்று தாராளமாக எழுதலாம்.