பதில் எழுத இடமில்லாத விவாத மேடை

2015இல் தைவானில் ஊபரை என்ன செய்வது என்று பெரிய தகராறு. டாக்சி ஓட்டுநர்கள் ஒரு பக்கம், ஊபர் வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். வி-தைவான் என்ற மக்கள் ஆலோசனைத் திட்டம் இதைக் கையில் எடுத்தது. அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் போல்.இஸ். அதில் யாரும் யாருக்கும் பதில் எழுத முடியாது. ஒருவர் ஒரு கருத்தைச் சுருக்கமாகப் போடுவார். மற்றவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், இல்லை கடந்து போகலாம். கோபம் வந்தால் தானும் ஒரு கருத்தை எழுதிப் போடலாம். அதன் மீதும் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஆளைத் திட்டுவதற்கு இடமே கிடையாது.

உள்ளே ஓடுவது ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பத்தி. ஏற்றால் ஒரு எண், மறுத்தால் அதற்கு எதிர் எண். நூறு கருத்துகள் இருந்தால் ஒவ்வொருவரும் நூறு எண்களாகிவிடுகிறார். நூறு பரிமாணங்களை யாராலும் பார்க்க முடியாது. அதனால் ஆட்கள் எந்த இரண்டு திசைகளில் மிக அதிகமாக வேறுபடுகிறார்களோ, அவற்றை மட்டும் எடுத்துத் தாளில் புள்ளிகளாக வைக்கிறது கணினி. முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற இந்தக் கணக்கை 1901லேயே கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் எழுதிவிட்டார். செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரப்படுத்தப்படும் பலவற்றின் அடியிலும் இப்படி ஒரு பழைய கணிதம்தான் இருக்கிறது. ஒரே மாதிரி ஓட்டுப் போட்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் விழுவார்கள். அப்புறம் அவர்களைக் குழுக்களாகப் பிரிப்பது சுலபம். நீங்கள் எந்தக் கட்சி என்று யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

சரி, குழு பிரித்து என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய குழுவில் 800 பேர், சின்னக் குழுவில் 200 பேர். முதல் கருத்தைப் பெரிய குழுவில் 95 சதவீதமும் சின்னக் குழுவில் 10 சதவீதமும் ஏற்கிறார்கள். மொத்தத்தில் 78 சதவீத ஆதரவு. இரண்டாவது கருத்துக்கு இரு குழுக்களிலும் 70 சதவீதம், மொத்தமும் 70தான். வெறும் பெரும்பான்மை பார்த்தால் முதல் கருத்து ஜெயிக்கும். போல்.இஸ் குழுவாரியான ஆதரவைப் பெருக்குகிறது: 0.95 × 0.10 என்றால் 0.095. 0.70 × 0.70 என்றால் 0.49. இரண்டாவது ஐந்து மடங்கு மேலே நிற்கிறது. ஒரு தரப்பை மட்டும் குஷிப்படுத்தும் பேச்சு இங்கே எடுபடாது. எதிர்த்தரப்பும் ஏற்கிற மாதிரி எழுதினால்தான் கருத்து மேலே வரும். ஊபர் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்றவற்றில் இரு தரப்பும் சேர்ந்துகொண்டன.

போல்.இஸ் ஓட்டுகளை அடுக்கும், எழுதாது. எழுதுகிற வேலையை மொழி மாதிரிகளுக்கு, அதாவது சாட்ஜிபிடி போல வாக்கியம் எழுதும் மென்பொருள்களுக்கு, கொடுத்துப் பார்த்தது கூகுளின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுப் பிரிவான டீப்மைண்ட். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹேபர்மாஸின் பெயரில் ‘ஹேபர்மாஸ் இயந்திரம்’ என்ற அந்த ஆய்வு 2024 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு சிறு குழுவில் ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனியாக எழுதுகிறார். ஒரு மாதிரி அவற்றிலிருந்து பல பொது அறிக்கைகளைத் தயாரிக்கிறது. இன்னொரு மாதிரி, இவருக்கு எது பிடிக்கும், அவருக்கு எது பிடிக்கும் என்று ஒவ்வொருவர் சார்பிலும் ஊகித்து வரிசைப்படுத்துகிறது. அந்த ஊகங்களுக்குள்ளேயே ஒரு தேர்தல் நடந்து, ஜெயித்த அறிக்கை மனிதர்களிடம் போகிறது. அவர்கள் குறை சொன்னால் திருத்தி எழுதுகிறது. மனித நடுவர்கள் எழுதியவற்றோடு வைத்துக் கேட்டபோது 56 சதவீதம் முறை இயந்திரத்தின் அறிக்கையையே மக்கள் விரும்பினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: குழுவில் மாற்றுக் கருத்து கொண்ட சிலர் சொன்ன குறைகள் திருத்திய அறிக்கையில் காணாமல் போகவில்லை. கூட்டம் நடத்திப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

ஓட்டைகளும் உண்டு. எல்லோருக்கும் பிடித்த வாக்கியம் உப்புச்சப்பில்லாத வாக்கியமாகவும் இருக்கலாம். ‘எல்லோருக்கும் நல்லது நடக்கவேண்டும்’ என்பதை யார் மறுப்பார்கள்? ஹேபர்மாஸ் இயந்திரம் உண்மை பொய் பார்ப்பதில்லை. பத்துப் பேரும் ஒரு தவறான தகவலை நம்பினால் அதையே அழகான தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுத்துவிடும்.

பெருக்கல் கணக்குக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் கிட்டத்தட்ட தடுப்பு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. யாரோ சில நூறு போலிக் கணக்குகளைத் தொடங்கி, ஒரே மாதிரி ஓட்டுப் போட வைத்தால், அவை தனிக் குழுவாகத் திரண்டு நல்ல கருத்துகளையெல்லாம் கீழே இழுக்க முடியும். மனிதரைப் போலவே எழுதும் மொழி மாதிரிகள் இருக்கையில் இதைச் செய்வது மலிவு. ஆக, ஓட்டுப் போடுபவர் உண்மையான ஆள்தானா, ஒருவருக்கு ஒரு கணக்குதானா என்பதை அவர் பெயரை வெளியிடாமல் உறுதிசெய்தாக வேண்டும். அதற்குப் பியர்சனின் கணக்கு உதவாது.