3 முதல் 14 வாரம் வரை: ஆபத்தான நாய் உருவாகும் விதம்

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: எக்ஸ்எல் புல்லி என்னும் பருத்த, பெரிய நாய்களை இனி வைத்திருக்க முடியாது என்று லண்டனில் இருக்கும் உறவினர்கள் சொல்கிறார்கள், இங்கே பக்கத்து வளவில் அதே சாயலுள்ள குட்டியொன்றை வாங்கிவந்து கட்டியிருக்கிறார்கள், இரத்தத்திலேயே கொலைக்குணத்தோடு பிறக்கும் நாய் என்று ஒன்று உண்டா? பிள்ளைகள் நடமாடும் ஒழுங்கையிலிருந்து வந்த கேள்வி இது. ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதிலளிப்பது பொறுப்பாகாது.

பிரித்தானியாவில் 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தின் கீழ் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகள் தடைசெய்யப்பட்டன. உயிரிழப்புகள் தொடர்ந்ததால் எக்ஸ்எல் புல்லியும் சேர்க்கப்பட்டு, 2024 பெப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் விலக்குச் சான்றிதழ் இன்றி அதனை வைத்திருப்பது குற்றமாகியது. சான்றிதழ் பெற்றவர்களும் நாய்க்குக் கருத்தடை செய்து, மைக்ரோசிப் பொருத்தி, காப்புறுதி எடுத்து, வெளியே கொண்டுசெல்லும்போது வார் பூட்டி வாய்மூடி அணிவிக்க வேண்டும். கட்டுப்பாடின்றி விடப்பட்ட நாயால் ஒருவர் இறந்தால் அதற்குப் பொறுப்பானவர் 14 ஆண்டுகள் வரை சிறைக்குச் செல்லலாம். இந்த வகையை அடையாளம் காண்பதற்குச் சட்டம் நம்பியிருப்பது தோற்றத்தை: ஆண் நாயின் தோள் உயரம் 51 சென்டிமீற்றர் அல்லது அதற்கு மேல், பெண் நாய்க்கு 48, அத்துடன் தலையும் மார்பும் எப்படி அமைந்திருக்கின்றன என்ற விவரணை. அளவுநாடா நாயின் உடலை அளந்துவிடும், நடத்தையை அளக்காது.

நடத்தைக்கும் இனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2022 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாகியது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த பதில்களையும், அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டபோது, நாய்க்கு நாய் வேறுபடும் நடத்தையில் ஏறத்தாழ 9 வீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. எவ்வளவு எளிதில் சீண்டப்பட்டுச் சீறும் என்ற குணத்தில் இனத்தின் பங்கு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக இனம் ஒரு பொருட்டே இல்லை என்று வாதிடுவோரை நான் ஏற்கமாட்டேன். ஒரு பொமரேனியனை அச்சம் ஆட்கொண்டால் கையில் தையல் போட வேண்டிவரும். அதே அச்சம் 45 கிலோ எடையுள்ள நாயை ஆட்கொண்டால் பிள்ளையொன்றின் உயிர் போகும். காளையைக் கவ்விப் பிடிக்கவும் தம்முள் சண்டையிடவும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நாய்கள், கவ்வியதை விடாமல் உலுக்கும் போக்கையும் கொண்டிருக்கலாம். ஆனால் பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. அதன் மண்டையோட்டில் அப்படியொரு பூட்டு இல்லை.

என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு இதைவிட எளிமையானது, பழையது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் செய்து 1961 இல் வெளியிட்டது. அவர்கள் தெரிந்தெடுத்தவை கொக்கர் ஸ்பானியல், பீகிள் என்னும் சாதுவான இனங்கள். உயர்ந்த வேலியடைத்த ஒரு ஏக்கர் நிலத்தில் தாய் நாய்களோடு குட்டிகள் வளர்ந்தன. உணவும் நீரும் கிடைத்தன, ஓடி விளையாட இடமும் கூடப்பிறந்தவையும் இருந்தன. மனிதத் தொடர்பு மட்டும் இல்லை. பிறகு 2, 3, 5, 7, 9 ஆகிய வார வயதுகளில் சில சில குட்டிகளை ஒரேயொரு வாரத்துக்கு மனிதர்களோடு பழகவிட்டு, மீண்டும் அந்த நிலத்துக்கே அனுப்பினார்கள். சில குட்டிகள் 14 ஆவது வாரம் வரை மனிதரோடு பழகவே இல்லை.

2 வாரக் குட்டிக்குக் கண் அப்போதுதான் திறந்திருக்கும். அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 3 வாரக் குட்டிகள் தயக்கமே இல்லாமல் மனிதரை நாடி வந்தன. வயது ஏற ஏற, கிட்ட வருவதற்கு முந்திய தயக்கம் நீண்டுகொண்டே போனது. 14 வாரம் வரை மனிதரை அறியாதிருந்த குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போலவே நடந்துகொண்டன. பிந்திய நாட்களில் எவ்வளவு பரிவோடு தடவிக்கொடுத்தும் சிறிதளவே மாறின. அவற்றை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, சீண்டவுமில்லை. அச்சம் பிறப்பதற்குக் கொடுமை தேவைப்படவில்லை, பழக்கமின்மையே போதுமாயிருந்தது.

இதன் உள்ளே நடப்பதை இரண்டு வளைகோடுகளாகக் கற்பனை செய்து பார்க்கலாம். ஏறத்தாழ 3 ஆவது வாரத்தில், கண்ணும் காதும் வேலைசெய்யத் தொடங்கியவுடன், புதியதை அணுகி மோந்துபார்க்கும் ஆர்வம் விரைவாக உயர்கிறது. புதியதைக் கண்டு பின்வாங்கும் அச்சம் சில வாரங்கள் பிந்தியே தலைதூக்கி, பிறகு மெல்ல மெல்ல வலுக்கிறது. ஆர்வம் மேலோங்கியிருக்கும் அந்த இடைவெளியில் சந்தித்ததெல்லாம் நாய்க்கு உலகின் இயல்பான பகுதியாகப் பதிந்துவிடுகிறது. 12 முதல் 14 வாரமளவில் அச்சம் முந்திக்கொள்ளும்போது, அதுவரை அறிமுகமாகாத எதுவும் முதலில் சந்தேகத்துக்கு உரியதாகவே படுகிறது. குழந்தை தாய்மொழியைக் கேட்டே பிடித்துக்கொள்வதையும், வளர்ந்தவர் இன்னொரு மொழியை இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக் கற்பதையும் போன்ற வித்தியாசம் இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மனிதர் என்ற ஒரே வகை நாயின் மனதில் தானாக உருவாவதில்லை. வீட்டுக்காரரோடு கொஞ்சிக் குலாவும் நாய்க்கு, கத்திக்கொண்டு ஓடும் நான்கு வயதுப் பிள்ளை வேறொரு பிராணியாகவே தோன்றலாம். குடை பிடித்து வரும் மூதாட்டி, தலைக்கவசத்தோடு இறங்கும் தபால்காரர், ஹோன் அடித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வரும் மீன்காரர், வெள்ளைச் சீருடையில் கூட்டமாகச் சைக்கிளில் போகும் மாணவர்கள், மேள நாதஸ்வரத்தோடு வீதிவலம் வரும் சுவாமி என, திருகோணமலையின் எந்தத் தெருவிலும் அன்றாடம் காணும் இவை ஒவ்வொன்றும் அந்த வாரங்களில் குட்டிக்குத் தனித்தனியாக, அச்சமில்லாத தூரத்திலிருந்து அறிமுகமாக வேண்டியவை. ஊர்நாய்க் குட்டி தெருவிலேயே வளர்வதால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதியைத் தானே கற்றுக்கொள்கிறது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய குட்டியைத்தான் நாங்கள் கூட்டில் பூட்டிவைக்கிறோம்.

அதன்பின் சங்கிலி வருகிறது. அஞ்சும் நாய்க்கு விலகி ஓடுதல், உறைந்து நிற்றல், பணிந்து காட்டுதல், எதிர்த்தல் என்ற வழிகள் உண்டு. சங்கிலி முதலாவதைப் பறித்துவிடுகிறது. படலையருகே தபால்காரர் வருகிறார், நாய் பாய்ந்து குரைக்கிறது, கடிதத்தைப் போட்டுவிட்டு அவர் போகிறார். அவர் எப்படியும் போகவேண்டியவர்தான். ஆனால் தன் பாய்ச்சலே அவரைத் துரத்தியது என்று நாய் கற்றுக்கொள்கிறது. ஆண்டுமுழுவதும் நாளாந்தம் இந்தப் பயிற்சி நடக்கிறது. உறுமியதற்காக அடித்தால், கடிக்கு முந்திய எச்சரிக்கையும் போய்விடுகிறது. பச்சை இறைச்சியும் மிளகாயும் ஊட்டி இருட்டில் அடைத்தால் நாய் வீரமாகும் என்ற மூடநம்பிக்கை நம் மத்தியில் இன்னமும் இருப்பது வேதனைக்குரியது. இறைச்சியால் நாய் மூர்க்கமாவதில்லை. இருட்டும் தனிமையும் அதனை அஞ்சவைக்கின்றன, அந்த அச்சத்துக்குத்தான் வீரம் என்று பெயரிடுகிறோம்.

உயிரிழப்பு வரை போன தாக்குதல்களிலும் இந்த வளர்ப்பு முறையின் தடயமே தெரிகிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் நிகழ்ந்த 256 மரணங்களைப் பொலிஸ் விசாரணைகள் வரை சென்று ஆராய்ந்த ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. 87.1 வீதமான சம்பவங்களில் தடுக்கக்கூடிய திடமான ஆள் எவரும் அருகில் இருக்கவில்லை. 85.2 வீதத்தில் இறந்தவருக்கும் நாய்க்கும் இடையே முன்பழக்கம் இல்லை, அல்லது மிகச் சொற்பம். 84.4 வீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76.2 வீதத்தில் நாய் குடும்பத்தோடு பழகாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இப்படியான காரணிகளில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்த சம்பவங்கள் 80.5 வீதம். இனத்தை நம்பகமாக உறுதிசெய்ய முடிந்ததோ 17.6 வீதத்தில் மட்டுமே.

நெதர்லாந்து 1993 இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையாததால் 2008 இல் விலக்கிக்கொண்டது. இத்தாலி 2009 இல் இனப்பட்டியலைக் கைவிட்டு உரிமையாளரின் பொறுப்பை முன்னிறுத்தியது. ஜேர்மனியின் லோவர் சக்சனி மாநிலத்தில் புதிதாக நாய் வளர்ப்பவர் எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இந்த மூன்றாவது வழியே எனக்குச் சரியானதாகப் படுகிறது. இலங்கையில் 1893 ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் விசர்நாய்க்கடியையும் கட்டாக்காலி நாய்களையும் மனதிற்கொண்டு எழுந்தவை. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய விலங்கைக் கவனயீனமாக விடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகிறது என்றாலும், அது பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பிறகே நினைவுக்கு வருகிறது. குட்டியை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து விற்பதைத் தடுக்கவும், பெரிய நாய் வளர்ப்பவரின் படலையையும் வேலியையும் பதிவின்போதே பரிசோதிக்கவும், நாளெல்லாம் சங்கிலியில் கட்டிவைப்பதைத் தண்டிக்கவும் விதிகள் வேண்டும்.

இவற்றுக்கு நம்முடைய தரவுகளும் வேண்டும். பேராதனையின் கால்நடை மருத்துவ பீடமும் மாவட்ட வைத்தியசாலைகளும் இணைந்து செய்யக்கூடிய இத்தகைய ஆய்வுக்குச் சிறுதொகைகூட ஒதுக்கத் தயங்குவது நியாயமில்லை. நாய்க்கடிக்குத் தடுப்பூசி போட வருபவரிடம் தாதியர் கேட்கவேண்டியவை ஐந்தே கேள்விகள்: நாய் யாருடையது, கட்டியிருந்ததா, எத்தனை வார வயதில் வாங்கப்பட்டது, முன்பு யாரையாவது கடித்ததா, கடித்தபோது அருகில் பெரியவர் யாராவது இருந்தாரா.