பீரோவில் பூட்டிய ஆட்டங்கள்

பலகை விளையாட்டு வடிவமைப்பதுதான் என் தொழில் என்று தெரிந்ததும், குன்னூரிலும் கோத்தகிரியிலும் யாராவது ஒருவர் தன் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர் என்று யாராகவும் இருக்கலாம். கட்டம் போட்ட தாளில் காய்கள், அம்புக்குறிகள், அடித்துத் திருத்திய விதிகள் இருக்கும். கதையும் கிடையாது, தாயக்கட்டையும் கிடையாது. யோசனையை மட்டும் நம்பி ஆடும் ஆட்டங்கள். ஆனால் நோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "சொல்லிட்டா நீங்களே போட்டுட மாட்டீங்களே, அக்கா?" அப்புறம் இன்னொன்று: "பேட்டன்ட் வாங்க எவ்வளவு ஆகும்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். கிடைக்காது. ஒரு விளையாட்டை ஆடும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 3(எம்) பிரிவில் நேராகவே சொல்கிறது. இது தெரிந்தும் "வாங்கித் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அப்படிக் கொடுத்த பணத்துக்கு நல்ல தேக்குப் பலகையே செய்திருக்கலாம்.

பதிப்புரிமை வேறு. நீங்கள் எழுதிய விதிமுறை வாக்கியங்களுக்கும் நீங்கள் வரைந்த பலகைப் படத்துக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உண்டு. எழுதியதுமே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆனால் அது சொற்களுக்கும் கோடுகளுக்கும்தான். விதிக்குள் இருக்கும் யோசனைக்கு இல்லை. அதே ஆட்டத்தை இன்னொருவர் தன் வார்த்தையில் எழுதி, வேறு படம் போட்டு, வேறு பெயரில் விற்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. தனக்குத் தானே தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் தேதிக்கு ஒரு சாட்சியாக உதவலாம், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பூட்டி வைப்பதுதானே புத்திசாலித்தனம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1942இல் டென்மார்க்கில் பியட் ஹெய்ன் ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். அறுகோணக் கட்டங்கள் நிரம்பிய சாய்சதுரப் பலகை. ஆளுக்கொரு காயாக வைத்துக்கொண்டே போய், தன் இரண்டு எதிர்ப்பக்கங்களை முதலில் இணைப்பவருக்கு வெற்றி. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஜான் நாஷ் அதே ஆட்டத்தைத் தானாகவே யோசித்தெடுத்தார். 1952இல் பார்க்கர் பிரதர்ஸ் அதை 'ஹெக்ஸ்' என்ற பெயரில் விற்றது. இவ்வளவு சிறிய விதி இரண்டு மண்டைகளில் தனித்தனியே முளைப்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் பீரோவின் பூட்டு அதைத் தடுக்காது.

நான் பார்த்தவரை நோட்டில் இருக்கும் ஆட்டங்கள் திருட்டுப் போவதில்லை. அரைகுறையாக நின்றுபோகின்றன. காய் எப்படி நகரும் என்று மூன்று பக்கம் எழுதியிருப்பார்கள். ஆட்டம் எப்போது முடியும்? இருவரும் ஒரே நகர்த்தலைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன? நகர்த்த இடமே இல்லாதவர் தோற்றாரா, அல்லது முறையை விட்டுக்கொடுக்கிறாரா? ஒரு வரியும் இருக்காது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு என்பது பலருக்கும் தெரியும். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி ஜெயிக்கும் என்று கேளுங்கள், ஆளுக்கொரு கணக்கு வரும். அங்கே திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து தீர்த்துவைத்தார். உங்கள் நோட்டில் பாட்டி இல்லை.

இன்னொரு ஓட்டை, முதலில் ஆடுபவரின் சாதகம். ஹெக்ஸில் டிராவே வராது, தவறே செய்யாமல் ஆடினால் முதல் ஆட்டக்காரர்தான் ஜெயிப்பார் என்று நாஷ் நிரூபித்தார். நிரூபணம் அழகானது. இரண்டாமவரிடம் நிச்சய வெற்றிக்கு ஒரு வழி இருந்தால், முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு அதே வழியைத் தானே பின்பற்றலாம். இந்த ஆட்டத்தில் கூடுதல் காய் எப்போதும் கெடுதல் செய்யாது. அப்படியென்றால் இருவருமே ஜெயிக்க வேண்டும், அது நடக்காது. எனவே அப்படி ஒரு வழி இரண்டாமவருக்கு இருக்க முடியாது. டிராவும் இல்லாததால் அது முதலாமவருக்குத்தான். இதற்கு மருந்து, ஒருவர் முதல் காயை வைத்ததும் மற்றவர் எந்தப் பக்கம் தனக்கு என்று தேர்ந்தெடுப்பது. பங்கு பிரித்தவர் கடைசியில் எடுப்பது போலத்தான். உங்கள் ஆட்டத்தில் முதலாமவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. விதித்தாளை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நோட்டில் விடுபட்ட ஒரு வரி. (வாயை மூடுவதுதான் கஷ்டம்.) அன்று யார் ஆடினார்கள், எங்கே சிக்கியது என்று தேதி போட்டு எழுதுங்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் சாக்சன் பல ஆண்டுகள் இப்படி நாட்குறிப்பு எழுதினார். அவை இன்று ராசெஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பென்சிலால் எழுதினால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊர் பீரோவுக்குள் தாள் பூஞ்சை பிடிக்கும், ஜெல் பேனா மை ஊறும். பக்கங்களைப் போட்டோ எடுத்தும் வையுங்கள்.

எழுதி மாட்டுவதன் பலனுக்கு ஊட்டியிலேயே உதாரணம் உண்டு. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்ததாகச் சொல்வார்கள். நெவில் சேம்பர்லேன் என்ற படை அதிகாரியின் யோசனை. 1882இல் அதன் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. அந்த ஆட்டம் தன்னுடையது என்று அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது 1938இல்தான்.

எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று சொன்னாலும் காயின் உருவம் மட்டும் விதிவிலக்கு. புதுமையான உருவத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். பத்து ஆண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்து நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டினால் புதுமை போய்விடும். அதுவரை சோதனை ஆட்டத்துக்குப் புளியங்கொட்டையும் சட்டைப் பட்டனும் போதும். பதியக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் செய்தால், அதற்கிருந்த பதிப்புரிமையும் போகும். கண்காட்சிக்கென்று மூட்டை மூட்டையாகக் காய் கடைந்துவிட்டு வந்து கேட்பவர்களிடம் இதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது.