ஆக்சுவல் பிளே – நிகழாட்டம்

பொருள்: மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் ஆடும் பாத்திர விளையாட்டை ஒலியாகவோ காணொளியாகவோ பிறருக்கு வழங்கும் நிகழ்ச்சி. ஆட்ட நடத்துநர் உலகத்தையும் எதிரிகளையும் கவனிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

தோற்றம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டு வெளியானது 1974இல், இந்தச் சொல் புழங்கியது வெகு காலம் கழித்து. 2000களின் தொடக்கத்தில் 'தி ஃபோர்ஜ்' இணையதளத்தில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள், விதிகள் ஏட்டில் எப்படி இருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, மேசையில் என்ன நடந்தது என்று எழுதிய குறிப்புகளுக்கு இதுவே தலைப்பு. ஜப்பானில் அதற்கும் முன்பே, 1986இல், காம்ப்டிக் இதழ் 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' ஆட்டத்தின் உரையாடலைத் தொடராக அச்சிட்டது. அங்கே அதற்குப் பெயர் ரீப்ளே. 2015 மார்ச்சில் குரல் நடிகர்கள் தொடங்கிய 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சி, ஒரு பகுதி மூன்று நான்கு மணிநேரம் ஓடியும், இவ்வகையைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுபோனது.

அத்தனை நேரம் உட்கார்ந்து பார்க்க வைப்பது எது? இருபது முகப் பகடையை எடுத்துக்கொள்வோம். பகடை எண்ணோடு கூட்டலும் சேர்ந்து எட்டவேண்டிய இலக்கு 15, பாத்திரத்தின் திறனுக்குக் கூட்டல் 5 என்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. எழுதி முடித்த நாடகத்தில் அடுத்தது என்ன என்று தெரியாதவர் பார்வையாளர் மட்டும்தான். இங்கே கதையை நடத்துபவருக்கும் தெரியாது. பகடை நின்றதும் அவர் திகைத்து, அந்த இடத்திலேயே கதையை மாற்றிக் கட்டுவதை நாம் நேரில் பார்க்கிறோம். இதற்கு ஈடான சுவை வேறு எந்தக் கதை வடிவிலும் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைப்பதில்லை.

அதனாலேயே, உருட்டும் முன் இலக்கைச் சொல்லாவிட்டால் பதற்றம் பாதி போய்விடும். ஏழு பேர் ஆடும் சண்டையில் ஆளுக்கு 2 நிமிடம் என்றாலே ஒரு சுற்றுக்கு 14 நிமிடம். எதிரிகளின் முறை தனி. புதிய பார்வையாளர் கழன்றுகொள்வது பெரும்பாலும் அங்கேதான். எல்லோருக்கும் ஒரே ஒலிவாங்கி வைத்தால், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும்போது எந்தப் பாத்திரம் பேசுகிறது என்றே புரியாது.

தமிழ்ச் சொல்: 'உண்மை ஆட்டம்' என்றால் பொய்யாட்டம் ஒன்று இருப்பதுபோலத் தொனிக்கும். 'ஆட்டப் பதிவு' நேரலைக்குப் பொருந்தாது. 'நிகழாட்டம்' வினைத்தொகை, நிகழ்ந்த, நிகழ்கிற, நிகழும் ஆட்டம் என முக்காலத்துக்கும் விரியும். நேரலையை 'நேரடி நிகழாட்டம்' என்றும், வெட்டித் தொகுத்ததைத் 'தொகுத்த நிகழாட்டம்' என்றும் பிரிக்கலாம். கணினி விளையாட்டை ஆடிக் காட்டும் காணொளிகள் இதில் சேரா. அவை 'லெட்ஸ் பிளே' வகை.