கவர்னர் என்றால் ஆளுநரா?

"ஆளுநரின் உடனடித் தலையீட்டால் மின்கட்டமைப்பு நிலைகுலையாமல் தப்பியது." அரசியல் செய்தி அல்ல. எரிவாயுச் சுழலி (gas turbine) பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் படித்தது. எந்திரத்தின் வேகத்தைக் குறித்த அளவையொட்டி வைத்திருக்கும் கருவியான கவர்னரைத்தான் 'ஆளுநர்' ஆக்கியிருக்கிறார்கள். இப்படிப் படிப்பது எத்தனையாவது முறையோ!

கிரேக்கத்தில் சுக்கான் பிடித்துக் கப்பல் செலுத்துவதைக் குறித்த சொல், லத்தீன் வழியே ஆட்சிக்கும் போனது, எந்திரத்துக்கும் வந்தது. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டுகள் கவர்னர்தான். கப்பல் செலுத்தும் நம் மீகாமன், பொருளில் இதற்கு நெருங்கிய உறவு. 'நர்' மனிதருக்கான ஈறு: ஓட்டுநர், பெறுநர். எந்திரத்துக்கு 'இ' போதும்.

ஆளுநரைச் சிரித்துக் கடந்துவிடலாம். கவர்னருக்குச் சிலர் எழுதும் 'வேகக் கட்டுப்படுத்தி'தான் வில்லங்கம், பார்க்கச் சரியாக இருப்பதால். கட்டுப்படுத்துவது என்றால் தமிழ்க் காதுக்கு அடக்குவது: கூட்டத்தை, தீயை. லாரியைக் குறித்த வேகத்துக்கு மேல் போகவிடாத கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தும். மின்நிலையத்தில் பாதி வேலை எதிர்த்திசையில் அல்லவா? எங்கோ ஒரு பெரிய மின்னாக்கி திடீரென நின்றால், மின்கட்டமைப்பின் அலைவெண் (frequency) 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் சுழலியும் கூடவே தளரும். கவர்னர் அப்போது எரிபொருள் வால்வைத் திறக்கிறது. 5 விழுக்காடு தொய்வு (droop) வைத்த எந்திரம், அதாவது வேகம் 5 விழுக்காடு சரிந்தால் முழுத்திறன் அளவுக்குக் கூடுதல் கேட்கும்படி அமைத்தது, அரை ஹெர்ட்ஸ் குறைந்ததும் முழுத்திறனில் 20 விழுக்காட்டைக் கூடுதலாகத் தரப் பார்க்கும். இதில் அடக்குவது எங்கே?

உண்மையிலேயே அடக்குவது வேறொன்று. வெளியேறும் புகையின் வெப்பநிலை எல்லையைத் தொட்டால், கவர்னர் கேட்கும் எரிபொருளைத் தரவிடாத வெப்பநிலைக் கட்டுப்பாடு. இரண்டையும் 'கட்டுப்படுத்தி' என்றே எழுதிய பத்தி ஒன்றை மூன்று முறை படித்தும், எது எதைத் தடுத்தது என்று விளங்கவில்லை.

என் தேர்வு 'வேகச் சீராக்கி'. தொய்வு இருப்பதால் வேகம் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஆகவே 'சீராக்கி' சற்று மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். மின்னழுத்தச் சீராக்கியோடு குழம்பாதிருக்க 'வேக' என்பதை விடக்கூடாது. எந்திரங்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடும்போது, அதைத் தணிக்கும் குறிகையை (சிக்னலை) இந்தச் சீராக்கி வழியாகவும் கொடுக்கலாம். அதற்குப் போய் 'ஆளுநர் கட்டுப்பாடு' என்று தலைப்பிட்டால், யாரை யார் கட்டுப்படுத்துவது?

ஆலைக்குள் கவர்னர் என்றே சொல்கிறார்கள். சொல்லட்டும், அங்கே யாருக்கும் குழப்பமில்லை.

'எரிவாயுச் சுழலி'யும் தவறுதான். சுழலியின் அலகுகளை (பிளேடுகளை) சுழற்றுவது எரிந்து சூடேறிய வளிமம், எரிபொருள் எதுவாகவும் இருக்கலாம். வளிமச் சுழலி எனலாமே. அந்த மொழிபெயர்ப்பிலேயே இன்னொரு வரி: "எரிவாயுச் சுழலி டீசலில் இயங்கும்போது..."