தண்ணீர் முள்ளை மட்டும் நம்பித் தொப்பூர் ஏறாதீர்கள்

சேலம் பக்கமிருந்து சுமையோடு தொப்பூர் கணவாய் ஏறி வரும் ஓட்டுநரிடம் எஞ்சின் சூடானதா என்று கேட்டால், "முள் பாதியிலேயே நிற்கிறது அண்ணா, கவலையே இல்லை" என்பார். அந்த முள் காட்டுவது கூலன்டின், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் தண்ணீரின், சூட்டை. எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் முள் எங்கள் பட்டறைக்கு வரும் லாரிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

கூலன்டை ஒரு வரம்புக்குள் பிடித்து வைக்கத் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் இருக்கின்றன. ஆயிலுக்கு அப்படி நேரடிக் காவல் கிடையாது. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் பீய்ச்சியடிக்கப்பட்டு, டர்போ (புகைவேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) பேரிங்குக்குள் புகுந்து, வழியெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டுதான் அது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்குத் திரும்புகிறது. வாங்கியதை ஆயில் கூலரில் கூலன்டிடம் இறக்கி வைக்க வேண்டும். ஆகவே சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். மேட்டின் உச்சியில் தண்ணீர் முள் இறங்கிய பிறகும் ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும்.

90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்கு இயல்பான சூடு. 120-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 130-க்கு மேல் தொடர்ந்து ஓடினால் அது நீர்த்துப்போய், பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அப்படி ஓடிய எஞ்சினைப் பிரித்தால் பேரிங் ஷெல்லின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து, அடியிலிருக்கும் செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். டர்போவின் ஆயில் துளையில் கரி இறுகிக் கிடக்கும். கம்பியால் குத்தினாலும் எளிதில் உதிராது.

பழுதான லாரியைக் கட்டி இழுத்துவரும் வண்டிகளைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பதறுகிறது. தன் சுமையோடு இன்னொரு வண்டியையும் இழுக்கிறது. வேகமோ மிகக் குறைவு. எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டருக்கு ஃபேன் ஒன்றுதான் துணை. அந்த நிலையில் டீசல் மிச்சமாகும் என்று மேல் கியரிலேயே முக்கி முனகி ஏற்றுகிறார்கள். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், விழுந்தால் ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப், ஃபேன் மூன்றுமே மெதுவாகச் சுற்றும். பேரிங் மீதான அழுத்தமோ உச்சத்தில் இருக்கும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆர்பிஎம் முள் பச்சைப் பட்டையின் மேல்பாதியில் நிற்கட்டும். பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

மேலே வந்து, பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டித் தேநீருக்கு நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற டர்போவுக்கு ஆயில் ஓட்டம் அந்த நொடியே நின்றுவிடும். உள்ளே தேங்கியது கரியாகும். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். அப்போதே ஆயில் பிரஷர் முள்ளையும் பாருங்கள். வழக்கத்தைவிடக் கீழே விழுந்தாலோ விளக்கு மினுக்கினாலோ, ஆயில் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கலாம் என்று கொள்ளுங்கள். ஆறிய பிறகும் அப்படியே இருந்தால் வண்டியை எடுக்காமல் பட்டறைக்குச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்குள் போய்வரும் டிரெய்லர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கல்தூசி ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். சூடாகிறது என்பதற்காக ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவதும் தவறு. அளவு மிஞ்சினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடு இன்னும் ஏறும்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது, ஏறிய எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின்களில் டீசலே உள்ளே போவதில்லை. எரிப்பு இல்லாமல் பம்புகளும் ஃபேனும் மட்டும் நன்றாகச் சுழல்கின்றன. ஆயில் அதில்தான் ஆறும். நியூட்ரலில் விட்டால் ஐடில் வேகத்தில் ஆயிலும் சரியாக ஆறாது; முழுச் சுமையும் பிரேக் மீது விழுந்து, அது பழுக்கக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலோ அதற்கும் கீழே ஒன்றிலோ, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுக்கொண்டு இறங்குங்கள்.